மழை பொய்த்த வருடத்தில் கூட்ஸ் வண்டி ஏன் குறையவில்லை? (சேலம் கோட்டம், சரக்குப் போக்குவரத்து இழை)

பதிவு 1
தடம்பார்ப்பவன், கருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். ரயில் பார்ப்பது எனக்கு சின்ன வயதிலிருந்தே பழக்கம். இப்போது கல்லூரியில் ஒரு செயல்திட்டக் கட்டுரை எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கேள்வி.

2023 ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே மூடினார்கள். 2024 ஜூன் 12-க்கும் திறக்கவில்லை. டெல்டாவில் விளைச்சல் இல்லை, நம் பக்கம் மானாவாரியும் போச்சு. விளையவில்லை என்றால் ஏற்றுவதற்குச் சரக்கு கிடையாது, வண்டி குறைய வேண்டும். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து நான் பார்க்கிறவரை மூடிய வேகன் வண்டிகள் குறைந்தபாடில்லை. நிலக்கரி வண்டி கூடின மாதிரியே தெரிகிறது. டேனிஷ்பேட்டை–லோக்கூர் ஏற்றத்தில் கூட்ஸ் காத்துக் கிடப்பதும் வழக்கம் போலத்தான். எங்கே இடிக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2
சும்மா வந்தவன், அம்மாபேட்டை

விளைந்தால் நாம் ஏற்றுவோம். விளையாவிட்டால் அடுத்தவன் நமக்கு ஏற்றுவான். வண்டிக்கு என்ன போச்சு?

பதிவு 3
பழைய கார்டு, சூரமங்கலம்

தம்பி, மேலே இருப்பவர் விளையாட்டாகச் சொன்னாலும் பாதி விஷயம் அதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி, தூரம்.

நல்ல வருடத்தில் நடப்பதைப் பார். டெல்டாவில் அறுவடை ஆனதும் கொள்முதல் நிலையங்களில் நெல் குவியும். வைக்க இடம் போதாது. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தஞ்சாவூர், திருவாரூர், நீடாமங்கலம், மன்னார்குடியிலிருந்து ரேக் ரேக்காக (ஒரு ரேக் என்றால் ஒரு முழுச் சரக்கு வண்டி) வெளி மாவட்டங்களுக்கு அரவைக்கு அனுப்பிவிடுவார்கள். தஞ்சாவூர், திருச்சி, கரூர், நாமக்கல் என்று வந்தால் சேலத்துக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். 2013-ல் கரூர் பாதை திறந்ததிலிருந்து சுற்றிக்கொண்டு வரும் வேலையும் இல்லை. பொழுது சாய ஏற்றினால் மறுநாள் இறக்கிவிடலாம்.

மேட்டூர் திறக்காத வருடத்தில் அந்த நெல் கிடையாது. அதற்காக ரேஷன் கடையை மூட முடியுமா? இந்திய உணவுக் கழகம் வெளியிலிருந்து அரிசி கொண்டுவரும். தெலங்கானா, ஆந்திரம், சத்தீஸ்கர், போதாவிட்டால் பஞ்சாப், ஹரியானா. லூதியானா பக்கம் ஏற்றிய வண்டி சேலம் வந்து சேர 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

இப்போது கணக்குக்கு வா. பழைய ரக மூடிய வேகன் 42 சேர்ந்தால் ஒரு ரேக், சுமார் 2,600 டன். ஐம்பது கிலோ மூட்டையாக எண்ணினால் 52,000 மூட்டை. இது தஞ்சாவூரிலிருந்து வருகிறது என்றால் ஏற்றி, ஓடி, இறக்கி, காலியாகத் திரும்ப மூன்று நாள் என்று வைத்துக்கொள். பஞ்சாப் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள். தஞ்சாவூருக்கு மாதத்துக்குப் பத்து நடை அடிக்கும் ரேக் பஞ்சாபுக்கு மூன்று நடைகூட அடிக்காது. சாப்பிடுகிற வாய் அதேதான், அரிசியும் அதே அளவுதான். அதற்கு மூன்று மடங்குக்கு மேல் ரேக் தேவைப்படும். நீ மாடியிலிருந்து பார்க்கும்போது வண்டி குறையாமல் தெரிவது இதனால்தான். ஒவ்வொரு வண்டியும் தண்டவாளத்தில் கிடக்கும் நாள் கூடிவிடுகிறது.

ரயில்வேயில் டன் ஒரு கணக்கு, டன்-கிலோமீட்டர், அதாவது எடையை ஓடிய தூரத்தால் பெருக்கியது, வேறு கணக்கு. பஞ்ச வருடத்தில் முதல் கணக்கு அப்படியே நிற்கும், இரண்டாவது எகிறும். வருமானமும் அதே அளவுக்கு எகிறும் என்று நினைத்துவிடாதே. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு வாங்கும் கட்டணம் இறங்கிக்கொண்டே போகும்.

பதிவு 4
லீ பஜார் வாசி, செவ்வாய்ப்பேட்டை

கார்டு ஐயா சொன்னதைச் சரக்கு இறக்கும் ஷெட் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அரிசி, பருப்பு மண்டி நடத்துகிறது. சேலம் மார்க்கெட் ஸ்டேஷன் எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

ஒரு ரேக் வந்து நின்றால் முதலில் சீலைப் பார்ப்பார்கள். கம்பியை வெட்டியதும் கதவு லேசில் திறக்காது, சுத்தியலால் நாலு தட்டு தட்ட வேண்டும். திறந்ததும் முகத்தில் அடிக்கிற தூசியை வைத்தே பழைய அரிசியா புது அரிசியா என்று எங்கள் சுமைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். சாக்கில் எந்த மில், எந்தச் சந்தைப் பருவம் என்று மை அச்சு இருக்கும். விளைச்சல் நன்றாக இருக்கும் வருடத்தில் முந்தின பருவத்துச் சரக்கு வரும். நாடு முழுக்க இழுபறியாக இருந்தால் போன அறுவடையே சுடச்சுட வந்து இறங்கும். கையிருப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அந்த அச்சை விட நம்பகமான செய்தி எனக்குத் தெரிந்து கிடையாது.

மூட்டை வண்டியைக் கையால் இறக்குவதற்குப் பொதுவாக ஒன்பது மணி நேரம் கொடுப்பார்கள். தாண்டினால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். இறக்கிய மூட்டையைப் பிளாட்பாரத்திலேயே விட்டுவைத்தால் அதற்கு வார்ஃபேஜ் (இடக் கட்டணம்) தனி. 52,000 மூட்டையை ஒன்பது மணி நேரத்தில் காலி செய்ய எத்தனை தோள் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கொக்கி போடாமல் தூக்கு என்று சொல்வார்கள். அந்த வேகத்தில் கொக்கி இல்லாமல் நடக்குமா? கிழிந்த சாக்கிலிருந்து கொட்டியதைப் பெருக்கி எடுக்கப் பத்துப் பெண்கள் கூடையும் முறமுமாகக் காத்திருப்பார்கள். பஞ்ச வருடத்தில் அந்தக் கூட்டம் இரட்டிப்பாகும்.

எங்களைப் போன்ற தனியார் வியாபாரிகளுக்கு வறட்சி வருடத்தில்தான் ரேக் தேவை. ஆந்திரா, கர்நாடகா சரக்கை மாமூலாக லாரியில் வாங்குவோம். பக்கத்தில் இல்லை, சத்தீஸ்கரில்தான் இருக்கிறது என்றால் லாரி வாடகை கட்டாது. ரேக் கேட்டு ரயில்வேயில் இன்டென்ட் (விண்ணப்பம்) போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ராணுவம், பேரிடர் நிவாரணம் முதலில், உணவுக் கழகச் சரக்கு அடுத்து, நாங்கள் கடைசிப் பந்தி. வேகன் கிடைத்து வண்டி வந்து சேரும்போது விலை இறங்கியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மண்டி அப்படி ஒரே ரேக்கில் இரண்டு வருட லாபத்தை விட்டது.

பதிவு 5
தடம்பார்ப்பவன்

ரொம்ப நன்றி அண்ணா. சாக்கில் பருவம் அச்சடித்திருக்கும் விஷயம் எனக்குப் புதிது. அப்படியானால் நிலக்கரி? அது விளைகிற பொருள் இல்லையே.

பதிவு 6
மேட்டூர்க்காரி, மேட்டூர் அணை

அதை நான் சொல்கிறேன் தம்பி. அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை நான்.

அணையில் தண்ணீர் இருந்து திறந்துவிட்டால் நீர்மின்சாரம் கிடைக்கும். அணை நிலையம், சுரங்க நிலையம், கீழே ஆற்றில் வரிசையாக உள்ள கதவணைகள், இவை எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் ஓடுகின்றன. திறப்பு நின்றால் அதெல்லாம் நின்றுவிடும். அதே நேரத்தில் தேவை ஏறும். மழை இல்லை என்றால் விவசாயி ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டுவார், ஊரில் ஏசி ஓடும். அந்தப் பள்ளத்தை நிரப்புவது நிலக்கரி. மேட்டூரில் பழைய நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் நான்கு, புதியதில் 600 மெகாவாட் ஒன்று, ஆக 1,440 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், ஒரு 210 மெகாவாட் யூனிட் நாள் முழுக்க முழுத் திறனில் ஓட 3,500 டன் சொச்சம் வேண்டும். ஒரு யூனிட்டுக்குத் தினம் ஒரு ரேக் என்று நினைத்துக்கொள். இது ஒடிசாவிலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், மறுபடி ரயிலில் ஜோலார்பேட்டை, சேலம், ஓமலூர் வழியாக எங்களூர் என்று வருகிறது. நீ பார்ப்பது இந்தக் கடைசித் துண்டைத்தான்.

இன்னொன்றும் உண்டு. அனல் நிலையத்துக்கும் தண்ணீர் வேண்டும், அதுவும் இதே அணையிலிருந்துதான். மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் நிலக்கரி வண்டி வந்து நின்றும் பயனில்லை என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆக, வறட்சி ஓரளவுக்குள் இருக்கிறவரைதான் நிலக்கரி வண்டி கூடும்.

பதிவு 7
பழைய கார்டு

அந்த அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள் தம்பி. 2022 ஏப்ரல், மே மாதத்தில் வடக்கே அனல் காற்று. மின் தேவை ஏறி நிலக்கரி போதாமல், நிலக்கரி ரேக்குக்குத் தடம் விடுவதற்காகப் பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்கள். அதே வெயில்தான் கோதுமைக் கதிரையும் சுருக்கியது. மே 13-ல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. துறைமுகத்தை நோக்கிப் போக இருந்த கோதுமை உள்நாட்டிலேயே தங்கிவிட்டது. வானிலை ஒன்றுதான், ஒரு சரக்கை ஓட வைத்தது, இன்னொன்றை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தபோதும் இதே கதைதான். காக்கிநாடா துறைமுகத்துக்குப் போகும் அரிசி குறைந்தால் அந்த வேகன் சும்மா இருக்கும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். சும்மா இருக்காது, உள்நாட்டுத் தூரம் அதைத் தின்றுவிடும்.

பதிவு 8
கோழிக்கொண்டை, ராசிபுரம்

அரிசியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாமக்கல் வண்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

கோழித்தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். நம் மாவட்டங்களில் விளைவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சாதாரண வருடத்தில் காரிப் (மழைக்காலப்) பருவச் சோளம் கர்நாடகத்திலிருந்து, தாவணகெரே, ஹாவேரி பக்கமிருந்து, லாரியில் வரும். ராத்திரி ஏற்றினால் விடிந்ததும் பண்ணையில் இருக்கும். 2023-ல் கர்நாடகத்தில் பெரும்பாலான தாலுக்காக்களை வறட்சிப் பகுதி என்று அறிவித்தார்கள். சோளம் மானாவாரிப் பயிர், கேட்கவே வேண்டாம். அப்போது எங்களுக்கு மிச்சம் பீகார்தான். அங்கே ரபி (குளிர்கால) பருவத்தில் பாசனத்தில் விளைகிறது, ஏப்ரல், மே மாதத்தில் அறுவடை. பூர்ணியா பக்கம் குலாப்பாக் சந்தையிலிருந்து ரேக்கில் ஏற்றி விடுவார்கள். லாரியில் அங்கிருந்து வர வைத்தால் முட்டையைத் தங்க விலைக்குத்தான் விற்க வேண்டும்.

ரேக் என்றால் ஒரே அடியில் இரண்டாயிரம் மூவாயிரம் டன் வரும். தனி ஒரு பண்ணையால் முடியாது. தீவன ஆலைக்காரர்களும் தரகர்களும் சேர்ந்து எடுப்போம். வழியில் ஒரு மழை பிடித்து ஒழுகல் வேகன் ஒன்று மாட்டினால் போச்சு, சோளம் பூத்துவிடும். பூஞ்சை நச்சு கோழிக்கு எமன். அதனால் நாங்கள் வண்டி வந்ததும் கதவோரத்து மூட்டையில்தான் முதலில் குத்தூசி போடுவோம். ஓரத்தில் ஈரம் இல்லை என்றால் உள்ளே பெரும்பாலும் பயமில்லை.

பதிவு 9
சும்மா வந்தவன்

சோளம் எல்லாம் காருக்குப் போகிறதாமே. கோழி பட்டினி, கார் விருந்து.

பதிவு 10
கோழிக்கொண்டை

சிரிக்கிறீர்கள், ஆனால் எங்களுக்கு அதுதான் பெரிய இடி. 2023 ஜூலையில் உணவுக் கழக அரிசியை, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்கிற ஆலைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள், இருப்பு போதாது என்று. டிசம்பரில் மழை குறைவால் சர்க்கரை போதாது என்று கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கும் கட்டுப்பாடு போட்டார்கள். இரண்டும் அடைபட்டதும் ஆலைகள் எல்லாம் சோளத்துக்குத் திரும்பின. பீகாரிலேயே ஆலைகள் இருக்கின்றன. அவர்களுக்குச் சோளம் வீட்டு வாசலில், எங்களுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. வயலில் மழை பெய்யாததற்கும் நாமக்கல் ஷெட்டுக்கு ரேக் வராததற்கும் நடுவில் இப்படி நாலைந்து கண்ணிகள் இருக்கின்றன தம்பி. கட்டுரையில் இதை விட்டுவிடாதே.

பதிவு 11
மட்டுறுத்துநர்

எத்தனால் கொள்கை சரியா தவறா என்று வந்த ஏழு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வண்டியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பதிவு 12
சேர்வராயன், ஏற்காடு

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வண்டி வந்தால் பஞ்சம் தீர்ந்தது என்ற மாதிரி இந்த இழை போய்க்கொண்டிருக்கிறது. நம் மாவட்டத்தின் அனுபவம் அப்படி இல்லை.

மெட்ராஸிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரையில் பேப்பூர் வரைக்கும் 1862-லேயே தண்டவாளம் போட்டாகிவிட்டது. தாது வருடப் பஞ்சம் 1876-ல் தொடங்குகிறது. அதாவது பஞ்சம் வந்தபோது நமக்கு ரயில் வந்து 14 வருடம் ஆகியிருந்தது. வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த அரிசி மெட்ராஸ் கடற்கரையில் மலையாகக் குவிந்தது, ரயிலில் உள்நாட்டுக்கும் வந்தது. 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்ட மக்கள்தொகை 19,66,995. பத்து வருடம் கழித்து 1881-ல் 15,99,595. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் குறைந்துவிட்டார்கள். செத்தவர்கள், பிழைக்க ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமல் போனவர்கள், எல்லாம் அதில் அடக்கம். இது ரயில் ஓடிய மாவட்டத்தின் கணக்கு.

ஒரு காரணம் விலை. ரயில் வந்த பிறகு தானியம் விலை அதிகமான இடத்துக்கு ஓடும். மழை பெய்த ஊரிலும் விலை ஏறிவிடும். சூரமங்கலம் ஸ்டேஷனில் மூட்டை இறங்கியது உண்மை. கூலி வேலை இல்லாதவன் கையில் காசு இல்லை, அவனுக்கு மூட்டை இருந்தும் இல்லாத கதைதான். அரசு தானிய வியாபாரத்தில் தலையிடக் கூடாது என்று அன்றைய வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் நிர்வாகம் பிடிவாதமாக இருந்தது. 1877-ல் அவர்கள் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலைக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை. நாள் முழுக்கக் கல் உடைக்கிறவனுக்கு அது.

பதிவு 13
பழைய கார்டு

வாத்தியாரே, உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பழியை ரயில் மேல் போடுவது நியாயமில்லை. அன்றைக்கு ஒற்றைத் தடம், வேகன் சொற்பம். அதைவிடப் பெரிய விஷயம், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குக் கொண்டுபோவது யார்? மாட்டு வண்டி. தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள் செத்துவிட்டன. பாதையோரம் இருந்தவனுக்காவது ஏதோ கிடைத்தது. அரூர், தருமபுரி உள்ளே இருந்தவனுக்கு மூட்டை முப்பது மைல் தள்ளிக் கிடந்தது. ரயில் இருந்ததால் செத்தார்கள் என்று சொல்வீர்களா, ரயில் போதாததால் செத்தார்கள் என்று சொல்வீர்களா?

பதிவு 14
சேர்வராயன்

இரண்டும்தான். உங்கள் பக்கத்துக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன்.

1880-ல் பஞ்சக் கமிஷன், வறட்சிப் பகுதிகளுக்குப் பாதுகாப்புக்காகவே ரயில் பாதைகள் போட வேண்டும் என்று சொன்னது. வருமானம் பார்க்காமல், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோவதற்கென்றே போடும் பாதைகள். நம் பழைய சேலம் மாவட்டத்துக்கு அப்படி இரண்டு கிடைத்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905-ல், மொரப்பூர்–தருமபுரி 1906-ல். இரண்டும் இரண்டரை அடி அகலக் குறும்பாதை. தருமபுரிப் பாதையை 1913-ல் ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். பஞ்சம் இல்லாத வருடங்களில் வருமானம் போதவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். மொரப்பூர்–தருமபுரி பாதையை மறுபடி போட வேண்டும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் என் குறை ஒன்று. பஞ்சத்துக்கென்று போட்ட பாதையை லாபக் கணக்கு பார்த்து மூடினால், தீயணைப்பு வண்டி ஓடாமல் நிற்கிறதே என்று விற்றுவிடுவது போலத்தான்.

பதிவு 15
பழைய கார்டு

அதில் நான் உங்கள் கட்சி.

ஆனால் 1965-க்கு அப்புறம் கதை மாறியது, அதையும் பையனுக்குச் சொல்லுங்கள். 65, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 66-ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது, பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. வயலிலிருந்து ஊருக்குப் போகவேண்டிய வேகன் எல்லாம் துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஓட ஆரம்பித்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் மெட்ராஸ் துறைமுகத்துக் கோதுமை வண்டி கதை நிறையச் சொல்வார்கள். நம் ஆட்கள் சோற்றுக்குப் பழகினவர்கள். கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் உடைத்துக் கஞ்சி காய்ச்சினார்களாம். 67 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று ஒரு கட்சி முழங்கியது சும்மா இல்லை.

உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ல் ஆரம்பமானது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். நாட்டுக்கே தானியம் கொண்டுபோக ஏற்பட்ட அமைப்பு, நெல் விளையும் ஊரில் கடை திறந்தது. அன்றைக்கு அங்கிருந்து எடுத்தார்கள், இன்றைக்கு வறட்சி வருடத்தில் அதற்கே பஞ்சாபிலிருந்து கொண்டுவருகிறார்கள். 2002-ல் நாடு முழுக்கப் பெரிய வறட்சி. ஆனால் அந்த ஜூலையில் அரசுக் கிடங்குகளில் ஆறு கோடி டன்னுக்கு மேல் இருந்தது. கிடங்கில் இருந்தால் வேகன் வேலை செய்யும். கிடங்கு காலி என்றால் வேகன் என்ன செய்யும்?

பதிவு 16
மெல்போர்ன் சேலத்தான்

இங்கே ஆஸ்திரேலியாவிலும் 2018, 2019-ல் இதையே பார்த்தேன். கிழக்குப் பக்கம் கடும் வறட்சி. வழக்கமாக உள்நாட்டு வயல்களிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் தானியம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் விளைந்த கோதுமையைக் கப்பலில் சுற்றிக் கிழக்குக் கரையில் இறக்கி, அங்கிருந்து உள்நாட்டு ஆலைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் கொண்டுபோனார்கள். ஏற்றுமதிக்கென்று கட்டிய துறைமுகத்தில் இறக்குமதி. ஆனால் இங்கே தானிய ரயில் பெரும்பாலும் ஏற்றுமதியை நம்பியே ஓடுகிறது. ரேஷன் கடை கிடையாது. அதனால் வறட்சியில் இங்கே பல என்ஜின்களும் வேகன்களும் சும்மா நிற்கும், ஆட்களுக்கு வேலை குறையும். தம்பி புத்தகத்தில் படித்தது இந்த மாதிரி நாடுகளுக்குப் பொருந்தும்.

பதிவு 17
லீ பஜார் வாசி

அருமையான விஷயம். நம் ஊரிலும் குறைகிற வண்டி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உர வண்டி. தூத்துக்குடியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வரும் யூரியா, டிஏபி ரேக்குகள் சாகுபடியைப் பார்த்துத்தான் வரும். நடவு இல்லை என்றால் கடைக்காரன் வாங்க மாட்டான், போன பருவத்து மூட்டையே கிடங்கில் கட்டியாகக் கிடக்கும். ஆத்தூர், வாழப்பாடியில் மரவள்ளி சுருங்கினால் ஜவ்வரிசியும் குறையும், ஆனால் அது பெரும்பாலும் லாரிக் கணக்கு. வைக்கோலும் லாரிதான். வேகன் நிறைந்துவிடும், எடை நிறையாது, கட்டுப்படியாகாது. எங்கள் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர் டெல்டா வைக்கோல் கிடைக்காத வருடத்தில் மாட்டையே விற்றுவிட்டார்.

பதிவு 18
காபிப்பூ, ஏற்காடு

மலை மேல் ரயில் இல்லை, நமக்கென்ன என்று பேசாமல் இருந்தேன். ஆனால் எங்கள் எஸ்டேட் ஆட்களின் ரேஷன் அரிசியும் அந்த ரேக்கில் வந்து, லாரியில் கொண்டைஊசி வளைவு ஏறித்தான் வருகிறது. மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்யாவிட்டால் காபி பிடிக்காது, வேலையும் குறையும். அப்போது அந்த அரிசி ஒரு வாரம் தாமதமானால் கடை முன்னால் சத்தம் கேட்கும். பக்கத்து மலைக் கிராமங்களில் சாமையும் ராகியும் போடுகிறவர்கள் அந்த வாரத்தைச் சமாளித்துவிடுவார்கள். காபியும் மிளகும் மட்டும் வைத்திருக்கும் எங்களால் முடியாது.

பதிவு 19
சும்மா வந்தவன்

தண்ணீரே ரயிலில் போனதை விட்டுவிட்டீர்களே.

பதிவு 20
மேட்டூர்க்காரி

ஆமாம், 2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் வண்டி. 50 வேகன், ஒன்றில் 50,000 லிட்டர், ஆக ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அது காவிரித் தண்ணீர்தான், குழாயில் ஜோலார்பேட்டை வரை வந்து அங்கே ரயில் ஏறியது. அதற்கு மூன்று வருடம் முன்னால் மிரஜ்–லாத்தூர் தண்ணீர் ரயில். தானியம் ஏற்றும் வேகனில் தண்ணீர் ஏற்ற முடியாது, டேங்கர் வேண்டும். அந்த டேங்கர்களைக் கழுவிச் சுத்தம் செய்து எடுத்து வருவதற்கே நாள் ஆகும். அந்த 25 லட்சம் லிட்டர் சென்னைக்கு ஒரு மூலைக்கும் காணாது என்று அப்போதே பேசினார்கள். ஆனாலும் காலிக் குடத்தோடு நிற்பவருக்கு அதைச் சொல்ல முடியுமா?

பதிவு 21
தடம்பார்ப்பவன்

எல்லோருக்கும் நன்றி. நான் இதுவரை எத்தனை வண்டி போனது என்று மட்டும்தான் குறித்துவந்தேன். வேறு என்ன குறிக்கலாம்? ரயில்வே அலுவலகத்தில் போய்க் கேட்டால் மாணவனுக்கு விவரம் தருவார்களா தெரியவில்லை. மாடியிலிருந்து பார்த்தே தெரிந்துகொள்ளும்படி ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

பதிவு 22
பழைய கார்டு

மூடிய வேகன் வண்டி வந்தால் சீல் இருக்கிறதா, கதவு திறந்து ஆடுகிறதா என்று பார். திறந்து ஆடினால் காலி. காலி எந்தப் பக்கம் போகிறது என்று எழுதிவை. கரூர் பக்கம் போனால் டெல்டாவில் ஏற்ற நெல் இருக்கிறது. ஜோலார்பேட்டை பக்கமே போய்க்கொண்டிருந்தால் நம் அரிசி இன்னும் வடக்கிலிருந்துதான் வருகிறது.

மேட்டூர் திறந்ததும் நெல் வண்டியை எதிர்பார்க்காதே. முதலில் லீ பஜார்க்காரர் சொன்ன உர வண்டி டெல்டா பக்கம் கூடும். நெல் வண்டி வர அதற்கப்புறம் நாலைந்து மாதம் ஆகும். அதுவரை பஞ்சாப் வண்டியும் நிற்காது. அந்த மாதங்களில்தான் கோட்டத்தில் வேகனுக்கு அடிதடி நடக்கும், மண்டிக்காரர் இன்டென்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த சமயம்.

பதிவு 23
லீ பஜார் வாசி

என்னை ஏன் ஐயா இழுக்கிறீர்கள்! தம்பி, சாக்கு அச்சைப் பார்க்க ஆசை என்றால் ஒரு நாள் காலையில் மண்டிக்கு வா. ஷெட்டுக்குள் கேட்காமல் போகாதே, விடமாட்டார்கள். எங்கள் கடை முன்னால் லாரி நிற்கும்போதே பார்த்துவிடலாம்.